சாவி கைமாறிய பிறகு

1938 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் நியூட்டன் நகரில் ஒருவர் ஒரு வங்கியிடமிருந்து வீடு வாங்கினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு குடியிருந்த பிறகுதான் வீட்டைக் கறையான் அரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விற்கும்போதே இது வங்கிக்குத் தெரியும், வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 1942இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கைவிரித்துவிட்டது. வங்கி பொய் சொல்லவில்லை, பார்க்க வந்தவரைத் தடுக்கவுமில்லை. சும்மா இருந்ததற்காக நஷ்ட ஈடு கேட்க முடியாது என்றது தீர்ப்பு. சொல்லாத குறைக்கெல்லாம் விற்பவர் பொறுப்பு என்றால், சொத்தின் அருமை தெரிந்தும் அதைச் சொல்லாமல் வாங்கிப் போடுகிறவரும் பொறுப்பாக வேண்டுமே என்றும் கேட்டது.

பதினெட்டு ஆண்டுகளில் காற்று திசை மாறியது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் குடியிருப்புக் கட்டடம் ஒன்றை விற்றவர்களுக்கு, அதில் கறையான் இருந்த விஷயம் தெரியும்; ஆள் வைத்து ஓரளவு சரிசெய்தும் இருந்தார்கள். வாங்கியவர்கள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும் என்று 1960இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்லி, 3,950 டாலர் நஷ்ட ஈட்டை உறுதிசெய்தது.

இந்தியாவில் இந்தக் கடமை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 55ஆவது பிரிவு.

இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் விற்பவர் குறைகளைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் படிவம் கூரை, குழாய், அஸ்திவாரத்தோடு நிற்காமல், அக்கம்பக்கத்துச் சத்தத் தொல்லை உண்டா என்றுகூடக் கேட்கிறது. நியூயார்க்கில் 2024 மார்ச் வரை ஒரு குறுக்கு வழி இருந்தது: விலையில் 500 டாலர் கழித்துக்கொடுத்துவிட்டுப் படிவத்தைத் தராமலே தப்பிக்கலாம்.

கிரயம் முடிந்து முதல் பெருமழையில் கூரை ஒழுகினால் மட்டும் வழக்கு நிற்காது. ஒழுகும் என்பது விற்றவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டும். இங்கேதான் பல வழக்குகள் சறுக்குகின்றன. உட்கூரையின் ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட், அதைச் சுரண்டினால் அடியில் பழுப்புக் கறை. முன்பு வந்துபோன பிளம்பரின் பில். தண்ணீர்ச் சேதத்துக்காக வாங்கிய பழைய இன்ஷூரன்ஸ் தொகை. ‘ஒவ்வொரு மழைக்கும் வாளி வைப்பார்களே’ என்கிற பக்கத்து வீட்டுக்காரர். சாட்சி இப்படித்தான் சேரும். ‘இருக்கிறபடியே விற்கப்படுகிறது’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்தவரை அந்த வரி பொதுவாகக் காப்பாற்றாது.

பதற்றத்தில் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் இடித்துவிடுவது பெரிய தவறு. சேதம் பரவாமல் தடுத்துவிட்டு, படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் வந்து பார்க்க அவகாசம் தர வேண்டும். ரிப்பேர் செலவுக்கு இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கிவைப்பது பேரத்துக்கு உதவும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் நேரே கோர்ட்டுக்கு ஓடக் கூடாது. முதலில் சமரசப் பேச்சு என்று பல ஒப்பந்தங்களில் நிபந்தனை இருக்கும். கலிஃபோர்னியாவில் பரவலாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவத்தின்படி, அதைத் தாண்டிப் போகிறவர் வழக்கில் ஜெயித்தாலும் வக்கீல் செலவை எதிராளியிடம் கேட்க முடியாது. 12,500 டாலர் வரையிலான கோரிக்கையை அங்கே சிறு வழக்கு மன்றத்துக்கே கொண்டுபோகலாம். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது, பில்லையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அவரவரே நிற்க வேண்டும். மோசடி வழக்கு என்றால், அந்த மாநிலத்தில் விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.