வாட்ச்சின் முதுகில் அதன் பிறந்த மாதம்

பழைய சீக்கோ வாட்ச் கையில் கிடைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். நடுவில் சிறு கோடு போட்டு, நான்கு நான்காக எட்டு இலக்கம் இருந்தால் அது மாடல் எண். பெரும்பாலும் ஆறு இலக்கத்தில் தனியாக நிற்பது வரிசை எண்.

6139-6005 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 6139 என்பது உள்ளே ஓடும் இயந்திரத்தின் எண். 6005 அதன் கூட்டுக்கு உரியது. 1969இல் வந்த இந்த இயந்திரம் உலகின் முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்களில் ஒன்று. சாவி கொடுக்க வேண்டாம், கை அசைவே போதும். பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச்சாகவும் ஓடும். 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக், மஞ்சள் டயல் போட்ட இந்த மாடலைத்தான் எடுத்துப் போனார். அங்கே அவர் தங்கியது 84 நாள்.

வரிசை எண்ணில்தான் சுவாரசியமே இருக்கிறது. 492136 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வரும் 4, ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த 9 செப்டம்பர். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். ஆகவே இரண்டாம் இடத்தில் வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது அக்டோபர்தான்.

சரி, 4 என்றால் 1964ஆ, 1974ஆ, 1984ஆ? வரிசை எண் இதைச் சொல்லாது. மாடல் எண்தான் சொல்லும். 6139 இயந்திரம் எழுபதுகளோடு நின்றுவிட்டதால் 1974 மட்டுமே பொருந்தும். 9இல் தொடங்கினால் 1969, 1979 இரண்டுக்கும் இடமுண்டு. அப்போது மூடியில் உள்ள வாசகத்தைப் படிக்க வேண்டும். 'வாட்டர்புரூஃப்' என்றிருந்தால் 1969. 1970ஐ ஒட்டி அந்தச் சொல்லைக் கைவிட்டு 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போடத் தொடங்கிவிட்டார்கள்.

மூடியை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். மூடியை மாற்றுவது எளிது. டயலின் அடி விளிம்பில், 6 மணிக்கு இருபுறமும், லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற அளவில் இன்னொரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கமும் 6139 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயல் வேறொரு வாட்ச்சிலிருந்து வந்தது. கூட்டின் எண் மட்டும் வேறுபட்டால் பயப்பட வேண்டாம்; ஒரே டயலைப் பல கூடுகளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பின்மூடிக்குப் பாலிஷ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை பாலிஷ் ஏறினால் பொறித்த எண் மழுங்கிப் போகும். ஏற்கெனவே தேய்ந்திருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து இலக்கங்கள் எழும்பித் தெரியும்.