கட்டம் கட்டும் எழுத்துகள் – 7: ஒன்பதாவது புள்ளி

போன வாரம் 437ஆம் எண் பட்டியலில் நிறுத்தினோம். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த 256 குறிகள், அதில் 179 முதல் 218 வரை கோடுகளுக்கான 40 இடங்கள்: இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். இவற்றைப் பிசிறில்லாமல் அச்சடிக்கும் எழுத்துருக்களின் பெயர்களை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். தருகிறேன். நடுவில் ஒரு சங்கதி சிக்கிவிட்டது, அதைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை.

ஐபிஎம்மின் கறுப்புத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி அகலம், மொத்தம் 720. ஆனால் சில்லில் எழுத்தின் உருவம் 8 புள்ளி அகலத்துக்குத்தான் பதிவாகியிருந்தது; ஒரு பைட்டில் அடங்குவது அவ்வளவுதானே. ஒன்பதாவது புள்ளியைக் காலியாக விட்டார்கள். எழுத்துக்கு அது நல்லது, பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. கிடைக்கோட்டுக்கு? எட்டுப் புள்ளிக்கு ஒரு ஓட்டை விழும்.

அதற்கு அவர்கள் செய்த வேலைதான் அழகு. 192 முதல் 223 வரையுள்ள குறி வந்தால் மட்டும், எட்டாவது புள்ளியை அப்படியே ஒன்பதாவதிலும் போடு என்று சுற்றிலேயே அமைத்துவிட்டார்கள். பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். ┐, ┤, │ போல வலப்பக்கம் நீளாதவை பெரும்பாலும் 192க்கு முன்னால். └, ├, ─, ┼ என்று வலப்பக்கம் கை நீட்டுகிறவை ஒன்றுவிடாமல் 192க்குப் பின்னால்! இந்த 32 எண்களுக்கும் முதல் மூன்று பிட்டுகள் ஒன்றே, 110. மூன்றைச் சோதித்தால் வேலை முடிந்தது. பட்டியல் போட்டவரும் சுற்று வரைந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. பாவம், 176 முதல் 178 வரையுள்ள சாம்பல் நிரப்பிகள் வெளியே மாட்டிக்கொண்டன. அவற்றால் நிரப்பிய பின்னணியில் மெல்லிய நெடுங்கோடுகள் தெரியும். 1987இல் வந்த விஜிஏ திரைமுறையும் இதே ஒன்பதாவது புள்ளி வித்தையைத்தான் செய்தது.

அச்சில் கதை வேறு. பழைய எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பலவற்றில், 128க்கு மேலுள்ள இடங்களில் சாய்வெழுத்துகள் உட்கார்ந்திருக்கும். 205, அதாவது இரட்டைக் கிடைக்கோடு, சாய்ந்த 'எம்' ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் ஒவ்வொரு மொத்தத் தொகைக்குக் கீழும் எம் எம் எம் என்று ஒரு வரிசை ஓடும். வாடிக்கையாளர் யாரும் கேட்டதில்லையாம். பிரிண்டரில் பட்டியலை மாற்றும் குட்டி ஸ்விட்சைத் தட்டினால் தீர்ந்திருக்கும்.

சரி, பெயர்கள்: கூரியர் நியூ, லூசிடா கன்சோல், டெஜாவூ சான்ஸ் மோனோ. மூன்றிலும் அந்த 40 குறிகளும் உண்டு. ஆனாலும் நெடுங்கோடு வரிக்கு வரி அறுந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். வேர்டு பத்திக்குப் பின்னால் தானாகச் சேர்க்கும் இடைவெளியைப் பூஜ்யமாக்கி, வரி இடைவெளியை ஒற்றைக்குக் கொண்டுவாருங்கள். கோட்டுக்குப் பதிலாக, தலையில் இரண்டு புள்ளி வைத்த 'ஏ' வரிசையாக வந்தால் அது குறிமுறைக் கோளாறு. எந்த எழுத்துருவை மாற்றினாலும் போகாது. அதையும், மூன்றில் யார் தேவலை என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.