உயிர் தப்பியாச்சு... அடுத்து என்ன? முதுகுத்தண்டு, நரம்பு, விளையாட்டுக் காயங்களுக்கு மறுவாழ்வு சிகிச்சை ஏன் முக்கியம்?

பலா சீசனில் மரத்திலிருந்து தவறி விழுகிறவர்கள், இரவு நேரத்தில் பைக்கில் சறுக்குகிறவர்கள், கபடி ஆட்டத்தில் முழங்காலைத் திருகிக்கொள்கிறவர்கள்... பண்ருட்டி, அண்ணாகிராமம், நெல்லிக்குப்பம் பக்கம் இதெல்லாம் புதிய செய்தி இல்லை. 108 வரும். கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ கொண்டுபோவார்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், 'உயிர் பிழைச்சதே பெரிசு' என்று ஊரே ஆறுதல் சொல்லும்.

அதன் பிறகு அவர் எழுந்து உட்காருவாரா, நடப்பாரா, பழைய வேலைக்குப் போவாரா என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது அடுத்த சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் கிடைக்க வேண்டியதுதான் மறுவாழ்வு சிகிச்சை. நம்மில் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதும் இதைத்தான்.

மறுவாழ்வு சிகிச்சை என்றால் 'கரன்ட்' வைப்பதா?

பிசியோதெரபி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வலிக்கு மெஷின் வைப்பது. அது ஒரு சிறு பகுதி மட்டுமே. பிசியோதெரபிஸ்ட் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி தருவார். சட்டை பட்டன் போடுவது, சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் கற்றுத்தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். காலிப்பர், செயற்கை உறுப்பு செய்து தர ஒருவர், மனநல ஆலோசனைக்கு ஒருவர், எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு மறுவாழ்வு மருத்துவர் என்று இது ஒரு டீம் வேலை. உலகில் மூன்றில் ஒருவர், அதாவது சுமார் 240 கோடிப் பேர், மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும்?

முதுகெலும்புக்குள் பத்திரமாக ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். மூளையின் கட்டளை கை கால்களுக்குப் போவதும், தொடு உணர்வு மூளைக்குத் திரும்புவதும் இதன் வழியாகத்தான். கழுத்தில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படலாம். முதுகின் நடுவிலோ கீழேயோ அடிபட்டால் பெரும்பாலும் கால்கள் மட்டும் பாதிக்கும். சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போகக்கூடும். பேச எல்லோரும் கூச்சப்படும் விஷயம் இது. ஆனால், சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் வந்தால் வலிக்காது. அதனால் பெரிதாகும் வரை தெரியவும் தெரியாது. படுக்கையில் இருப்பவரை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது இதனால்தான். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகவில்லை என்றால் தொற்று வரும், நாளடைவில் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான குழாய் வைத்து சிறுநீரை வெளியேற்றும் முறையை நோயாளியோ வீட்டில் இருப்பவரோ பழகிக்கொள்ளலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் இந்த இரண்டையும் கேட்டுக் கற்றுக்கொள்வது, கட்டிவரும் மாத்திரையைவிட முக்கியம்.

நரம்புக் காயம் ஏன் இவ்வளவு லேட் ஆகிறது?

கை, காலில் அறுபட்டோ நசுங்கியோ போன நரம்பு மீண்டும் வளரக்கூடியது. ஆனால் வேகம் ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். தோள்பட்டை அருகே அடிபட்ட நரம்பு விரல் வரை வளர வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை மூட்டு இறுகிப் போகாமலும் தசை சுருங்காமலும் காப்பாற்றி வைக்க வேண்டும். 'மூணு மாசம் போனோம், ஒண்ணும் தெரியல' என்று பயிற்சியை நிறுத்தினால், நரம்பு வந்து சேரும்போது வேலை செய்ய மூட்டு தயாராக இருக்காது.

கபடி, கிரிக்கெட் காயங்கள்?

ஓடும்போது சட்டென்று திரும்பி, முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டதா? முழங்காலின் முன்புற சிலுவைத் தசைநார், அதாவது 'ஏசிஎல்', கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. அடிபட்ட உடனே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, இழுத்து சுளுக்கு எடுப்பது இரண்டும் வேண்டாம். ஐஸ் ஒத்தடம், கட்டு, ஓய்வு, பிறகு டாக்டர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மைதானத்துக்குத் திரும்ப பொதுவாக 9 மாதங்களாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். வலி போனதும் ஆட இறங்குகிறவர்களுக்கு அதே கால் மீண்டும் கிழியும் ஆபத்து அதிகம்.

இதில் தமிழ்நாடு முன்னோடி!

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூரில் உருவானது அவருடைய முயற்சியால்தான். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தன் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர் அது. 2020-ல் இவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெரிய நகரத்தில்தான் மறுவாழ்வு மையம் நடத்த முடியும் என்ற எண்ணத்தை ஆய்க்குடி உடைத்துவிட்டது.

அண்ணாகிராமத்தில் இருப்பவருக்கு என்ன வழி?

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மரத்திலிருந்து விழுந்தவர் இதில் வரமாட்டார். அவருக்கு அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும்தான். இரண்டு பேருக்குமே 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் நீண்ட பயணம் தொடங்குகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் சேவையும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யலாம். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை அமைப்பு. அண்ணாகிராமம் ஒன்றியத்தில் சுமார் 40 ஊராட்சிகள். ஒருவர் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? தினமும் பயிற்சி தேவைப்படுகிறவருக்கு அவர் எப்போதாவதுதான் வர முடியும். எனவே அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே நின்று பயிற்சிகளைப் பழகி, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது, 2021 முதல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. எலும்பு, நரம்பு பிரச்னைகளுக்கு மாவட்டத்துக்குள்ளேயே பெரிய மருத்துவமனை இது. பாதிப்பு நீடித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். சக்கர நாற்காலி, பராமரிப்பு உதவித்தொகை, பஸ் சலுகை எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் சாவி.

எப்போது காத்திருக்கவே கூடாது?

சாதாரண முதுகுவலிக்கு வாரக்கணக்கில் படுத்தே கிடக்கத் தேவையில்லை. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்:

- முதுகுவலியோடு கால் பலவீனமாவது, பாதம் தொங்கிப்போவது
- திடீரென்று சிறுநீர் வராமல் போவது, அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது
- ஆசனவாய், தொடை இடுக்குப் பகுதி மரத்துப்போவது
- விழுந்த பிறகு கை, காலை அசைக்க முடியாமல் இருப்பது

கடைசியாக ஒன்று. உயரத்திலிருந்து விழுந்தவரையோ விபத்தில் கிடப்பவரையோ பதற்றத்தில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டும் ஓடாதீர்கள். தீ, வெள்ளம், வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லை என்றால் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் அப்படியே வைத்து, மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கட்டாயம் நகர்த்த வேண்டி வந்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் கிடத்துங்கள். எலும்பு மட்டும் உடைந்து தண்டுவடம் தப்பியிருக்கலாம். நாம் தூக்கும் விதத்தில் அதுவும் போய்விடக் கூடாது.