வாசனை இல்லாத எமன்! பிரிட்டன் வீடுகளில் ஆண்டுதோறும் பாய்லர் சோதனை

2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கிரீஸ் நாட்டில் கார்ஃபு என்று ஓர் அழகான தீவு. பிரிட்டனில் இருந்து ஒரு குடும்பம் அங்கே விடுமுறையைக் கழிக்கப் போயிருந்தது.

ஒருநாள் அவர்கள் தங்கிய அறைக்குள் நுழைந்தவர்கள் திடுக்கிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்து கிடந்தன! பெரியவர்கள் இருவரும் நினைவு இழந்து கிடந்தார்கள்.

உடலில் காயம் இல்லை. திருடன் வரவில்லை. யாரும் விஷம் வைக்கவில்லை. அப்படியானால் கொன்றது எது?

பக்கத்தில் இருந்த வெந்நீர் பாய்லர்! பழுதான அந்தப் பாய்லரில் இருந்து கிளம்பிய நச்சுக் காற்று அறைக்குள் புகுந்துவிட்டது.

"ஆண்டுக்கு ஒரு முறை பாய்லரைச் சோதித்துவிடுங்கள்" என்று பிரிட்டனில் ஓயாமல் சொல்வது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ போன்ற பகுதிகளில் இன்று ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போய்த் தங்கும் பெற்றோரும் உண்டு. ஆகவே இந்த விஷயம் தமிழர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதே.

எப்படிப்பட்ட பாய்லர்?

பாய்லர் என்றதும் பலருக்குக் கரி போட்டு வெந்நீர் காய்ச்சும் செம்புப் பாய்லர் நினைவுக்கு வரும். இது அது அல்ல.

பிரிட்டனில் குளிர்காலம் கடுமையானது. வீடு முழுவதையும் சூடாக வைத்தால்தான் குடியிருக்க முடியும். அதற்காகச் சமையல் அறைச் சுவரிலோ, ஓர் அலமாரிக்குள்ளோ ஒரு பெட்டியை மாட்டியிருப்பார்கள். அதுதான் பாய்லர்.

தெருக் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. பெட்டிக்குள் அது எரிந்து தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் ஒவ்வோர் அறையிலும் உள்ள 'ரேடியேட்டர்' என்ற இரும்புத் தகட்டுக்குள் ஓடி அறையைச் சூடாக்குகிறது. குளிக்க வெந்நீரும் இதிலிருந்தே கிடைக்கும். எரிந்த புகை ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும்.

எமன் வருவது எப்படி?

எரிவாயு நன்றாக எரிய வேண்டுமானால் போதிய காற்று வேண்டும். அடைப்பு, அழுக்கு, பழுது ஆகியவற்றால் காற்று குறைந்தால் அது அரைகுறையாக எரியும். அப்போது உண்டாவதுதான் கார்பன் மோனாக்சைடு.

அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. ருசியும் இல்லை!

சமையல் வாயு கசிந்தால் மூக்குக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிப்பதற்காகவே அதில் ஒரு நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடு வருவதை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள்தான் பிராணவாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்கிறது. அந்தச் சிவப்புப் பொருளோடு இந்த நச்சு வாயு பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடம் இல்லாமல் போகிறது. தூங்குகிறவர் தூங்கியபடியே இறந்து போகலாம்.

உயிர் காத்த பறவை

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, நிலக்கரிச் சுரங்க விபத்துகளை 1890-களில் ஆராய்ந்தார். வெடி விபத்துக்குப் பிறகு தொழிலாளர் பலரைக் கொல்வது இந்த வாயுதான் என்று அவர் கண்டார்.

சிறிய பறவைகளை இந்த வாயு மனிதனை விட விரைவாகத் தாக்கும். ஆகவே கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டு போனார்கள். பறவை தள்ளாடினால் தொழிலாளர்கள் வெளியே ஓடி வந்துவிடுவார்கள். 1986-ல்தான் பிரிட்டன் இந்த வழக்கத்தைக் கைவிட முடிவு செய்தது. பறவையின் வேலையை மின்கருவி ஏற்றுக்கொண்டது.

இன்று வீட்டுக்கு வரும் பாய்லர் மெக்கானிக்கின் கையிலும் அப்படி ஒரு கருவி இருக்கிறது.

அட்டையைக் காட்டு!

பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் எரிவாயு வேலை செய்துவிட முடியாது. 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது.

வருகிறவரிடம் அடையாள அட்டை உண்டு. முன்பக்கத்தில் போட்டோவும், எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கும். எந்தெந்த வேலை செய்யத் தகுதி உண்டு என்பது பின்பக்கத்தில் இருக்கும். அட்டையைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்பது வீட்டுக்காரரின் உரிமை!

என்ன செய்வார்?

முதலில் பாய்லரைச் சுற்றிப் பார்ப்பார். கரி படிந்த கறை இருக்கிறதா? தண்ணீர் ஒழுகுகிறதா? புகைக் குழாய் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? வெளியே அதன் வாய் அடைபடாமல் இருக்கிறதா?

பிறகு பாய்லரை ஓடவிட்டுச் சத்தத்தைக் கவனிப்பார். பலவகைப் பாய்லர்களில் மேல் மூடியைக் கழற்றி, எரியும் பகுதியையும், தண்ணீர் சூடேறும் பகுதியையும் பார்ப்பார். தேவையானால் சுத்தம் செய்வார். வாயுவின் அழுத்தத்தை அளப்பார். தீ அணைந்தால் வாயு தானாக நிற்கிறதா என்றும் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அடுத்த வேலை. புகைக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கருவியால் அளப்பார். எரிவது சரியா, தவறா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று ஒருவர் கிளம்பினால், "புகையை அளந்தீர்களா? எண் என்ன?" என்று கேட்க வேண்டும். பார்த்ததை எழுத்து மூலம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ் வேறு, ரிப்பேர் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. புதிய உதிரிப் பாகம் மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். முதலிலேயே செலவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாய்லர் ஆபத்தானது என்று தெரிந்தால், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அதை நிறுத்தி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிடுவார். "குளிருகிறதே" என்று அதை மறுபடி மூட்டுவது எமனை வீட்டுக்குள் அழைப்பதாகும்!

வாடகை வீடானால்?

வாடகை வீட்டுக்குச் சட்டமே இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் தமது எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சோதனைச் சான்றின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். 1998-ம் ஆண்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன.

சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கேதான் அலட்சியம் நுழைகிறது. "பாய்லர் நன்றாகத்தானே ஓடுகிறது!" என்பார்கள். வெந்நீர் நன்றாக வரும்போதே நச்சு வாயுவும் வரலாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

உடம்பு சொல்லும் எச்சரிக்கை

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மூச்சுத் திணறல், அசதி ஆகியவை இந்த வாயு தாக்கியதன் அடையாளங்கள். சளி ஜுரம் போலவே தோன்றும். ஆனால் உடம்பு சுடாது. வெளியே போனால் தலைவலி விட்டுவிடும். வீடு திரும்பினால் மறுபடி வரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே ஜன்னல்களைத் திறக்க வேண்டும். பாய்லரை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் எரிவாயு அவசர உதவிக்கு 0800 111 999 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டாக்டரிடம், "வாயு தாக்கியிருக்குமோ?" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நச்சு வாயு வந்தால் அலறும் மணிக் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. அதையும் மாட்டிவைப்பது நல்லது. ஆனால் மணி இருக்கிறது என்று சோதனையை விட்டுவிடக் கூடாது.

இங்கேயும் உண்டு

குளியலறைகளில் சிலிண்டர் வாயுவால் எரியும் கெய்சர் இந்தியாவிலும் இருக்கிறது. கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக் குளித்தவர்கள் மயங்கி விழுந்து இறந்ததும் உண்டு. அதே வாயு, அதே எமன்! கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதே பாதுகாப்பு.

குளிர்காலம் வந்த பிறகு மெக்கானிக்கைத் தேடினால் உடனே கிடைக்க மாட்டார். கோடையிலேயே அழைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஓராண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தைப் பாய்லருக்கு ஒதுக்கினால், மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளோடு நிம்மதியாகத் தூங்கலாம்!