பழைய வன்தட்டிலிருந்து லினக்சைப் பெயர்த்தல்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டம், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து எளிய இல்லங்கள் பலவற்றுக்கு முதற் கணினியைக் கொண்டு சேர்த்தது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. அக்காள் பயின்ற கணினியில் இன்று தம்பி பயில்வதை நம் மாணவரிடையே காண்கிறோம்.

இத்தகைய பழங்கணினியில் முதலில் தளர்வது பெரும்பாலும் வன்தட்டே. சுழலும் தகடும் அதன்மேல் அசையும் முனையும் நாளடைவில் தேய்கின்றன. அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தலாம். (அதனுள் தட்டும் இல்லை, வட்டும் இல்லை; ஆதலின் தமிழ்ப் பெயர் சூட்ட விரைதல் வேண்டா.) 2.5 அங்குல அளவினது பழைய இடத்திலேயே அமையும்.

புதிதாக லினக்சை நிறுவிக்கொண்டால் போதாதா எனச் சிலர் வினவுவர். பிறர்க்குப் போதும், தமிழ் பயில்வோர்க்குப் போதாது. ஒருங்குறி பரவுமுன் டாம், டாப், டிஸ்கி எனப் பல குறியீட்டு முறைகளில் நாம் தட்டச்சு செய்தோம். சீறாப்புராணம் பற்றிய ஆய்வேடாயினும், ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகக் கேட்டெழுதிய முனாஜாத்தாயினும், உரிய எழுத்துரு கணினியில் இல்லையேல் கோப்பு திறக்கும்; எழுத்து தெரியாது, பொருளற்ற குறிகளே தெரியும். எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் உள்ளவாறே வரவேண்டுமாயின் முழு நிறுவலையும் பெயர்த்தலே தக்கது.

அக்கால மடிக்கணினிகளில் 320 ஜிபி வன்தட்டு வழக்கமாக இருந்தது. வாங்குவதோ 120 அல்லது 240 ஜிபி. பெரியது சிறியதனுள் எங்ஙனம் அடங்கும் என்று மலைக்க வேண்டா. டிடி என்னும் கட்டளை வெற்றிடத்தையும் சேர்த்துத் தட்டினை முதலிலிருந்து இறுதிவரை அப்படியே படியெடுக்கும். அது சிறியதில் அடங்காது. 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்னும் கருவியோ கோப்புகளை மட்டுமே எடுத்துச் செல்லும். கிடங்கைப் பெயர்க்காமல் உள்ளிருக்கும் மூட்டைகளை மட்டும் பெயர்ப்பது போன்றது இது. ஆதலின் தட்டின் கொள்ளளவு பொருட்டன்று. நிரம்பியிருக்கும் அளவே பொருட்டு. லினக்ஸ் பகுதியில் 60 ஜிபி நிரம்பியிருப்பின் 120 ஜிபி தாராளம். விண்டோஸ் பகுதியை இம்முறையில் பெயர்க்க இயலாது. அதற்கு வழி வேறு.

எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து, பென் டிரைவிலுள்ள லினக்சைக் கொண்டு கணினியை இயக்குக. உறங்கும் தளத்தைப் படியெடுப்பதே பாதுகாப்பு. இயங்கும்போது கோப்புகள் மாறிக்கொண்டேயிருக்கும். ஜிபார்ட்டட் வாயிலாகப் புதியதில் இஎக்ஸ்டி4 பகுதி ஒன்றும் சுவாப் பகுதி ஒன்றும் அமைத்து, ஆர்சிங்கை இயக்குக. கோப்பின் உரிமையாளர், அனுமதி, இணைப்புகள் ஆகியன மாறாதிருக்கும் தெரிவுகளைச் சேர்த்தல் இன்றியமையாதது.

பலர் இடர்ப்படுவது இதன் பின்னரே. ஒவ்வொரு பகுதிக்கும் யு.யு.ஐ.டி. என்னும் தனி அடையாள எண் உண்டு. எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்பதை எஃப்எஸ்டேப் என்னும் கோப்பு அவ்வெண்ணைக் கொண்டே அறிகிறது. வீடு மாறியும் முகவரி மாறவில்லையெனில் கடிதம் பழைய வீட்டுக்கே செல்லுமன்றோ? புதிய எண்களை அதில் எழுதி, குரூப் என்னும் தொடக்க நிரலை எஸ்.எஸ்.டி.யில் நிறுவி, அதன் பட்டியலையும் புதுப்பித்தல் வேண்டும். ஸ்ரூட் கட்டளையால் புதிய தளத்தினுள் நுழைந்து இவற்றைச் செய்யலாம்.

பின்னர்ப் பழைய தட்டைக் கழற்றிவிட்டே சோதித்தல் வேண்டும். இரண்டும் இணைந்திருப்பின் கணினி எதனைக் கொண்டு எழுந்தது என்பதில் மயக்கம் நேரும். பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பு ஒன்றைத் திறந்து பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்க. எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்னும் துப்புரவுப் பணி நிகழ்ந்தபின், அழித்த கோப்பை மீட்பது அரிது. ஆதலின் பழைய வன்தட்டை உடனே அழித்துவிடாமல், ஆய்வேடு ஒப்படைக்கும் நாள்வரையேனும் உறையிலிட்டு அலமாரியில் வைத்திருக்க.