பாறைக்கு வயசு சொல்லும் மகரந்தம்

செம்பருத்திப் பூவைக் கையில வெச்சு விளையாடியிருந்தா, விரல்ல மஞ்சளா ஒரு தூள் ஒட்டுறதைப் பார்த்திருப்பீங்க. தட்டிவிட்டா போயிடும். அந்தத் தூளை வெச்சு ஒரு பாறையோட வயசைச் சொல்ல முடியும், அந்த இடம் ஒரு காலத்துல காடா, புல்வெளியா, சதுப்பு நிலமான்னும் சொல்ல முடியும். இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்தித்தான். கடைசியில ஊட்டிக்கும் போவோம். அங்க இந்தத் தூள் ஒரு பெரிய வாக்குவாதத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது.

முதல்ல ஒரு நியாயமான சந்தேகம். எலும்பே மக்கிப்போகுது, இத்தூண்டு தூள் எப்படிக் கோடிக்கணக்கான வருஷம் தாங்குது? ஒரு செடியோட ஆண் செல்லைக் காத்துலயும் வெயில்லயும் பத்திரமா இன்னொரு பூவுக்குக் கொண்டுபோறதுதான் மகரந்தத் துகளோட வேலை. அதனால அதோட வெளி ஓடு ரொம்பக் கெட்டியானது. அந்த ஓடு ஸ்போரோபொலெனின் என்கிற பொருளால ஆனது. சாதாரண அமிலங்கள் அதை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு எதிரி ஆக்சிஜன்தான். காய்ஞ்சு நனையுற மண்ணுல கிடந்தா அழிஞ்சிடும். காத்தே புகாத ஏரி அடிச்சேறு, கடலடிச் சேறு, சதுப்பு மாதிரி இடத்துல விழுந்தா அப்படியே தங்கிடும். அந்தச் சேறு பாறையா இறுகினாலும் உள்ளே இது இருக்கும்.

இந்தப் பிடிவாதத்தைத்தான் ஆய்வகத்துல பயன்படுத்திக்கிறாங்க. பாறையை நொறுக்கி, ஒரு அமிலத்துல சுண்ணாம்பைக் கரைச்சு, அப்புறம் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துல மணலையும் களிமண்ணையும் கரைக்கிறாங்க. அது கண்ணாடியையே தின்னுற அமிலம். அதனால பிளாஸ்டிக் பாத்திரத்துலதான் வேலை நடக்கும். பாறை போயிடும், மகரந்தம் மிஞ்சும். அதை மைக்ராஸ்கோப்ல வெச்சு ஒவ்வொண்ணா எண்ணணும். ஒரு மாதிரிக்குச் சில நூறு துகள். பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஆகாது!

எண்ணுறது முடியும், ஏன்னா ஒவ்வொரு தாவர வகைக்கும் மகரந்தத்தோட உருவம் வேற வேற. பைன் மரத்தோடதுக்கு ரெண்டு பக்கமும் காத்துப் பை இருக்கும், பார்க்க மிக்கி மவுஸ் தலை மாதிரியே இருக்கும். புல்லோடது வழவழன்னு ஒரு உருண்டை, அதுல ஒரே ஒரு துளை. செம்பருத்தியோடது உடம்பெல்லாம் முள்ளு.

சரி, வயசு எப்படி வருது? தாவரங்கள் ஒரு காலத்துல தோன்றி, இன்னொரு காலத்துல காணாமப் போகுது. மூணு பள்ளம் உள்ள மகரந்தம், அதாவது இன்னைக்கு இருக்கிற பூக்கும் தாவரங்கள்ல பெரும்பாலானதுக்கு உள்ள அமைப்பு, சுமார் 12.5 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான் பாறைகள்ல தென்பட ஆரம்பிக்குது. ஒரு பாறையில அது இருந்தா, அந்தப் பாறை அதைவிடப் பழசா இருக்க வாய்ப்பில்லை. இப்படிப் பல வகைகளைச் சேர்த்துப் பார்த்தா, எல்லாமே ஒண்ணா வாழ்ந்த ஒரு சின்னக் கால இடைவெளி கிடைக்கும். ஆனா ஒரு விஷயம்: மகரந்தம் தானா வருஷக் கணக்கைச் சொல்லாது. அது சொல்றது வரிசையை மட்டும்தான். வேற எங்கேயோ அதே மகரந்தம் எரிமலைச் சாம்பல் அடுக்கோட சேர்ந்து கிடைச்சிருக்கும், அந்தச் சாம்பலைக் கதிரியக்க முறையில அளந்திருப்பாங்க. எண்ணு அங்கேருந்து வருது.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்த வித்தை ரொம்பப் பிடிக்கும். கிணறு தோண்டும்போது மேல வர்றது சின்னச் சின்னப் பாறைச் சில்லுதான். அதுல டைனோசர் எலும்பைத் தேட முடியாது, மகரந்தம் ஆயிரக்கணக்குல இருக்கும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தந்திரம் உண்டு. கிணத்துக்குள்ள மேல் அடுக்குத் துணுக்குகள் சரிஞ்சு கீழே விழும். அதனால "இந்த வகை இதுக்குக் கீழே இல்லை" என்கிறதை நம்ப முடியாது. மேலேருந்து இறங்கும்போது அது முதல் தடவையா எங்க தட்டுப்படுதோ, அதை நம்பலாம். கிணறு தோண்டுறவங்களுக்கு அதுதான் முதல் தரிசனம். பூமியோட கணக்குல அந்த வகை அழிஞ்ச நேரம்.

சரியாத் தெரிஞ்சவங்களும் இதுல சறுக்கியிருக்காங்க. சூப்பர் மார்க்கெட்ல 'இமாலயன் பிங்க் சால்ட்' வாங்குறோமே, அது பாகிஸ்தான் பஞ்சாப்ல இருக்கிற உப்பு மலைத்தொடர்ல, கேவ்ரா சுரங்கத்துலேருந்து வருது. அந்த உப்போட வயசு என்னன்னு 1940-கள்ல பெரிய சண்டை. டிரைலோபைட் இருக்கிற ரொம்பப் பழைய பாறைக்குக் கீழே உப்பு இருந்தது, அப்போ அது இன்னும் பழசாத்தானே இருக்கணும்? இந்தியாவோட தலைசிறந்த தொல்தாவரவியலாளர் பீர்பல் சஹானி அந்த உப்பைத் தண்ணியில கரைச்சு வடிகட்டிப் பார்த்தார். மரத்திசுவோட நுண்ணிய துணுக்குகள் கிடைச்சது. மரம் இருந்தா உப்பு புதுசு, சுமார் 5 கோடி வருஷம்தான், பழைய பாறை பின்னாடி அதுமேல தள்ளப்பட்டு ஏறியிருக்குன்னு வாதாடினார். இதுக்காகவே 1944-லயும் 1945-லயும் கருத்தரங்கு நடந்தது.

இன்னைக்கு ஏத்துக்கிட்ட முடிவு? உப்பு 50 கோடி வருஷத்துக்கும் பழசு. நிலத்துல மரமே இல்லாத காலம். அந்தத் துணுக்குகள் பின்னாடி எப்படியோ உள்ளே புகுந்தவை. உப்பு தண்ணியில கரைஞ்சு மறுபடி இறுகுற பொருள்னு நினைச்சா, இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. சஹானி அலட்சியமான ஆள் இல்லை, கலப்படம் வராமப் பார்த்துக்கிட்டுத்தான் வேலை செஞ்சார். லக்னோவுல அவர் தொடங்கின நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3-ல நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்துல சஹானி காலமானார். அந்த நிறுவனம் இன்னைக்கும் இந்தத் துறையில இந்தியாவோட முக்கியமான இடம்.

இப்போ ஊட்டி. நீலகிரி மேல்மலையில பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. இந்தப் புல்வெளி இயற்கையா வந்ததா, இல்ல மனுஷன் காட்டை வெட்டி எரிச்சதால வந்ததா? ரொம்ப நாளா இதுல ரெண்டு கட்சி. இது வெறும் படிப்பாளிச் சண்டை இல்லை. புல்வெளி அழிஞ்ச காடுன்னா, அங்க மரம் நடுறது நல்ல காரியம். புல்வெளி இயற்கைன்னா, மரம் நடுறதுதான் அழிவு.

பதில் சேத்துக்குள்ள இருந்தது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லா மாதிரி பள்ளங்கள்ல பீட் என்கிற கறுப்புச் சேறு அடுக்கடுக்கா இருக்கு. கார்பன் முறையில ஒவ்வொரு அடுக்குக்கும் வயசு சொல்லலாம். அதுல உள்ள மகரந்தத்தை அடையாளம் காண இன்னைய செடிகளோட மகரந்த ஆல்பம் வேணும். அப்படி ஒரு பெரிய தொகுப்பு புதுச்சேரி ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல இருக்கு. அதை வளர்த்தவர்கள்ல முக்கியமானவர் கணபதி தணிகைமணி. 1986-ல கராச்சியில கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்துல கொல்லப்பட்டவர்கள்ல அவரும் ஒருத்தர்.

ஆனா இங்கயும் மகரந்தம் தனியா முழுசாச் சொல்லாது. காத்துல பரவுற புல் மகரந்தம் எங்கேயும் நிறைய விழும். பூச்சியை நம்பியிருக்கிற சோலை மரங்களோடது கொஞ்சம்தான் விழும். புல் வகைகளை ஒண்ணுலேருந்து ஒண்ணு பிரிக்கவும் முடியாது. அதனால சேத்துல உள்ள கார்பனோட வகையையும் அளந்தாங்க. மரங்களும் வெப்பப் பிரதேசப் புல்லும் கார்பனை வேற வேற விதமா எடுத்துக்கும், அந்த வித்தியாசம் சேத்துல தெரியும். ராமன் சுகுமாரும் கூட இருந்தவங்களும் 1993-ல 'நேச்சர்' இதழ்ல வெளியிட்ட ஆய்வு சுமார் 20,000 வருஷம் பின்னாடி போகுது. பனியுகத்தோட உச்சத்துல வறட்சி, அப்போ புல் ஓங்கியிருக்கு. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி பருவமழை வலுத்தப்போ மரங்களுக்குக் கை ஓங்குது. அப்புறம் மறுபடி மாறுது.

அதாவது விவசாயம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க புல்வெளி இருந்திருக்கு. மனுஷன் வெச்ச தீயும் மேய்ச்சலும் எல்லையை நகர்த்தவே இல்லைன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. ஆனா "வெட்டின காடு" கதை நிக்காது.

இது தெரியுறதுக்குள்ள சீகை, யூக்கலிப்டஸ், பைன் எல்லாம் நட்டாச்சு. வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்களும் தொடர்ந்தாங்க. 2018-ல வந்த ஒரு ஆய்வுப்படி, பழனி மலையில 40 வருஷத்துல புல்வெளியோட மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. காரணம் பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும். ஊட்டியில பைன் காட்டுல நின்னு போட்டோ எடுக்கிறோமே, அந்த இடங்களும் இந்தக் கணக்குல சேர்ந்தவைதான். நானும் எடுத்திருக்கேன்.

இதை நீங்களே பார்க்கணும்னா ஃபோல்ட்ஸ்கோப் மாதிரி ஒரு பேப்பர் மைக்ராஸ்கோப் போதும். செம்பருத்தித் தூளை ஒரு செல்லோ டேப்ல தொட்டு எடுத்து வெச்சுப் பாருங்க. அதோட துகள் பெரிசு, முள்ளு நல்லாத் தெரியும். புல்லோடது கொஞ்சம் கஷ்டம், அடுத்ததா முயற்சி பண்ணலாம்.