ஆறு எண்கள் சொல்லும் முகவரி

முகவரியின் முடிவில் நாம் எழுதும் ஆறு எண்களைப் பற்றி என்றேனும் சிந்தித்ததுண்டா?

நம் வகுப்புத் தோழி ஒருத்தி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைத் திருச்சிக்கு அனுப்பினாள். 620001 என்று எழுத வேண்டியவள் அவசரத்தில் 602001 என்று எழுதிவிட்டாள். அது திருவள்ளூருக்கு உரிய எண். உறை அங்கே போய், மீண்டும் திருச்சியை அடைவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. அவள் கண்ணீரைக் கண்ட பிறகே இவ்வெண்களின் பொருளை அறிய முற்பட்டோம்.

நம் நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஆலங்குடி. திருவாரூர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி! முகவரி எழுதும் மொழிகளும் பல. இக்குழப்பத்தைத் தீர்க்க ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்னும் அதிகாரி வகுத்த பின்கோடு முறை, 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார்.

முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். டில்லிக்கு 1, மும்பைக்கு 4, பெங்களூருக்கு 5, கொல்கத்தாவுக்கு 7. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. இராணுவ அஞ்சலுக்கு 9. பூஜ்யத்தில் தொடங்கும் பின்கோடு கிடையாது. இரண்டாம் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் மாநிலம் விளங்கும். 60 முதல் 64 வரை தமிழ்நாடு. 67 முதல் 69 வரை கேரளம். முதல் மூன்று எண்களும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். 600 சென்னை, 625 மதுரை, 641 கோயம்புத்தூர். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை.

இங்கே ஒரு விந்தை! புதுச்சேரி நகரின் எண் 605 என்று தொடங்கும். ஆனால் அதே ஆட்சியைச் சேர்ந்த மாஹே கேரளத்தின் 673-லும், ஏனாம் ஆந்திரத்தின் 533-லும் அடங்கும். ஆட்சி எல்லை வேறு, அஞ்சல் எல்லை வேறு என்பது இதனால் புலனாகிறது அல்லவா?

ஆகவே உறையை ஒட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். ஆறு எண்களும் உள்ளனவா? முதல் எண் பூஜ்யமாக இல்லாதிருக்கிறதா? முதல் மூன்று எண்களும் ஊரோடு பொருந்துகின்றனவா? தோழி எழுதிய 602001 முதல் இரண்டு கேள்விகளிலும் தேறிவிடும். அது தமிழ்நாட்டு எண்ணும்கூட. மூன்றாவது கேள்விதான் பிழையைக் காட்டிக் கொடுக்கும்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஊருக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஒரு நிமிடம் நிதானித்து எழுதுவோம். இனி ஒரு தோழியும் இதற்காகக் கண்ணீர் சிந்த வேண்டாம்!